மாற்றியமைத்த நியூ 3டிஎஸ் எக்ஸ்எல் பூட் ஆகவில்லை: நீல விளக்கு வந்து உடனே அணைந்துவிடுகிறது

#1 இரட்டைத்திரை

வணக்கம். என்னிடம் இருப்பது நின்டெண்டோவின் நியூ 3டிஎஸ் எக்ஸ்எல் கையடக்கக் கன்சோல். பூட்9ஸ்ட்ராப், லூமா என்ற மாற்று மென்பொருள்களைப் போட்டு நெடுநாளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த 32 ஜிபி மைக்ரோ எஸ்டி நிறைந்துவிட்டதால் இணையத்தில் ஒரு 128 ஜிபி கார்டு வாங்கினேன். பழைய கார்டில் இருந்த எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்து, அங்கிருந்து புதிய கார்டுக்கு மாற்றினேன். கார்டைச் செருகி மூடியைத் திருகிவிட்டு பவர் பொத்தானை அழுத்தினால் நீல விளக்கு வருகிறது, உடனே அணைந்துவிடுகிறது. இரண்டு திரையிலும் எதுவும் வருவதில்லை.

சார்ஜ் முழுதாக இருக்கிறது. கன்சோலைக் கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை. என் மகள் பல ஆண்டுகளாக ஆடிய ஆட்டங்களின் சேவ் எல்லாம் அந்தக் கார்டில்தான் இருக்கிறது. கன்சோல் போனாலும் பரவாயில்லை, சேவ் போய்விடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

#2 தாவும்பூனை

நான்ட் (கன்சோலின் உள் நினைவகம்) கெட்டுப்போயிருக்கும். அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது நான்ட் நகல் வாங்கி, காட்மோட்9 என்ற ஃபைல் கருவி வழியாக எழுதிவிடுங்கள், சரியாகிவிடும். இல்லாவிட்டால் எப்படியாவது செட்டிங்ஸுக்குள் போய் சிஸ்டம் ஃபார்மட் செய்யுங்கள்.

#3 காந்தக்கல்

இரட்டைத்திரை, தயவுசெய்து மேலே சொன்ன இரண்டையும் செய்ய வேண்டாம்.

தாவும்பூனை, உதவ வேண்டும் என்றுதான் சொன்னீர்கள், அது புரிகிறது. ஆனால் 3டிஎஸ்ஸின் நான்ட் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனியான சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு கன்சோலின் நகலை இன்னொன்றில் எழுதினால் அதற்கு அது வெறும் குப்பை. இப்போது ஒருவேளை கார்டில் மட்டும் இருக்கும் கோளாறு, அதன் பிறகு உண்மையிலேயே நான்ட் கோளாறாகிவிடும்.

சிஸ்டம் ஃபார்மட் அதைவிட மோசம். எஸ்டி கார்டில் 'நின்டெண்டோ 3டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் 32 எழுத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அந்தப் பெயரும் அதற்குள் இருக்கும் ஃபைல்களின் பூட்டும் கன்சோலுக்குள் இருக்கும் ஒரு சாவியிலிருந்து வருபவை. ஃபார்மட் செய்தால் சாவி மாறும். பழைய ஃபோல்டர் கார்டில் அப்படியே இருக்கும், ஆனால் கன்சோல் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது. சேவ்தான் முக்கியம் என்று கேட்டவருக்கு இது சொல்லக்கூடிய வழி அல்ல.

இனி கேள்விகள். பழைய 32 ஜிபி கார்டை அழித்துவிட்டீர்களா, அப்படியே இருக்கிறதா? விளக்கு அணையும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறதா? நீல விளக்கைத் தவிர, அறிவிப்பு விளக்கு ஏதாவது நிறத்தில் மின்னுகிறதா? அறையை இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள், ஒரு கணம்தான் வரும். கார்டே இல்லாமல் ஆன் செய்தால் என்ன ஆகிறது?

#4 இரட்டைத்திரை

நன்றி அண்ணா. பழைய கார்டு அப்படியே இருக்கிறது, தொடவே இல்லை. சத்தம் எதுவும் வரவில்லை. இருட்டில் பார்த்தேன், அறிவிப்பு விளக்கு வெள்ளையாக மின்னிவிட்டு அணைகிறது. கார்டை எடுத்துவிட்டு அழுத்தினாலும் இதேதான், அதே வெள்ளை.

#5 காந்தக்கல்

பழைய கார்டு பத்திரமாக இருக்கிறது என்றால் உங்கள் கவலையில் பெரும் பகுதி போய்விட்டது. அதை ஓர் உறையில் போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். இனி எந்தச் சோதனைக்கும் அது வேண்டாம்.

அந்த வெள்ளை மின்னல் நல்ல செய்தி. ஏன் என்று புரிய, இந்தக் கன்சோல் எப்படி எழுந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பவர் அழுத்தியதும் முதலில் ஓடுவது ஏஆர்எம்9 செயலியின் பூட்ராம். அது சிப்பிலேயே பதிந்தது, யாராலும் மாற்ற முடியாது. அது நான்ட் நினைவகத்தில் ஃபர்ம்0 என்ற பகுதியைத் தேடும். அதில் கையொப்பம் சரியில்லை என்றால் ஃபர்ம்1. மாற்றியமைத்த கன்சோல்களில் அந்த இடத்தில் பூட்9ஸ்ட்ராப் உட்கார்ந்திருக்கிறது. பூட்ராம் கையொப்பத்தைச் சரிபார்க்கும் விதத்தில் இருந்த ஓட்டைதான் அதை அங்கே உட்கார வைத்தது. 2016 டிசம்பரில் 33சி3 என்ற ஹேக்கர் மாநாட்டில் டெரெக் குழுவினர் அந்த ஓட்டையை வெளியே சொன்னார்கள், 2017இல் பூட்9ஸ்ட்ராப் வந்தது. பூட்9ஸ்ட்ராப் செய்வது ஒரே வேலை. எஸ்டி கார்டின் ரூட்டில் (எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் நேராக) 'பூட்.ஃபர்ம்' என்ற ஃபைலைத் தேடும். அங்கே இல்லாவிட்டால் உள் நினைவகத்தின் சிடிஆர்நான்ட் பகுதியில் அதே பெயரைத் தேடும். அந்த பூட்.ஃபர்ம்தான் லூமா. லூமா வந்த பிறகுதான் நின்டெண்டோவின் சொந்த மென்பொருளும் ஹோம் மெனுவும்.

பூட்9ஸ்ட்ராப் 1.4 பதிப்பு, தான் தேடியது கிடைக்காவிட்டால் அறிவிப்பு விளக்கு வழியாகச் சொல்லிவிட்டு அணையும். வெள்ளை என்றால் கார்டிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. மெஜந்தா என்றால் கார்டில் இல்லை, உள்ளே இருப்பது கெட்டிருக்கிறது. சிவப்பு என்றால் இரண்டு இடத்திலும் இருக்கிறது, இரண்டுமே கெட்டிருக்கிறது.

ஆக உங்கள் கன்சோலில் பூட்ராம் ஓடுகிறது, நான்ட் படிக்கப்படுகிறது, பூட்9ஸ்ட்ராப் உயிரோடு இருக்கிறது. சங்கிலி அறுந்திருப்பது கார்டில். எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்று கணினியில் பாருங்கள்.

#6 ஈயப்பற்று

சத்தம் பற்றி காந்தக்கல் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் படிக்க வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நீல விளக்கு வந்து, 'டப்' என்று ஸ்பீக்கர் ஒலித்து அணைந்தால் அது பெரும்பாலும் எஸ்டி கார்டு விஷயமே அல்ல. மேல் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிள் கீலுக்குள் சுருண்டு போகிறது. அது கிழிந்தாலோ, கனெக்டரில் சரியாக உட்காராவிட்டாலோ இப்படித்தான் அணையும். மாற்றியமைத்த கன்சோல் என்பதாலேயே எல்லோரும் மென்பொருளைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் சரிபார்க்க வரும் கன்சோல்களில் முதலில் காதைக் கொடுத்துத்தான் கேட்பேன்.

#7 இரட்டைத்திரை

கணினியில் பார்த்தேன். கார்டு எக்ஸ்ஃபேட் என்று காட்டுகிறது. வாங்கியபோது இருந்தபடியே பயன்படுத்தினேன், நான் ஃபார்மட் செய்யவில்லை. பூட்.ஃபர்ம் ரூட்டில்தான் இருக்கிறது.

விண்டோஸில் ஃபார்மட் செய்யலாம் என்று பார்த்தால் ஃபேட்32 என்ற தேர்வே வரவில்லை, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டும்தான் வருகின்றன. 3டிஎஸ்ஸுக்கு 32 ஜிபிதான் உச்சம் என்று பெட்டியில் போட்டிருப்பார்களே, அப்படியானால் 128 ஓடவே ஓடாதா?

#8 காந்தக்கல்

ஓடும். 32 ஜிபி என்பது நின்டெண்டோ அதிகாரபூர்வமாகச் சொன்ன அளவு. 32க்கு மேற்பட்ட கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகையில் வருகின்றன. அந்தத் தரப்படி தயாரிப்பிலிருந்தே எக்ஸ்ஃபேட்டாக வரும். 3டிஎஸ்ஸுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. பூட்9ஸ்ட்ராப்புக்கும் தெரியாது. ஃபைல் சரியான இடத்தில் இருந்தும் அதன் கண்ணுக்குக் கார்டு வெற்றிடம்தான். அதையே ஃபேட்32 ஆக்கினால் படித்துவிடும்.

விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது. 'ஜியூஐஃபார்மட்' என்ற சிறிய இலவசக் கருவி உண்டு, அதில் செய்யுங்கள். 128 ஜிபிக்கு அலொகேஷன் அளவு 65536 வையுங்கள், 64 ஜிபி வரை 32768 போதும். எந்த டிரைவ் எழுத்தைத் தேர்கிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு அங்கேயே ஃபேட்32 தேர்வு இருக்கிறது.

ஃபார்மட் ஆனதும் எல்லாவற்றையும் போடாதீர்கள். லூமாவின் ஜிப்பைப் புதிதாக இறக்கி, அதில் இருக்கும் பூட்.ஃபர்மை மட்டும் கார்டின் ரூட்டில் வையுங்கள். ஏதாவது ஃபோல்டருக்குள் போய்விடக் கூடாது. பெயரையும் பாருங்கள். இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் தானாக ஒரு '(1)' சேர்த்துவிடும், அந்தப் பெயரில் இருந்தால் பூட்9ஸ்ட்ராப் கண்டுகொள்ளாது.

#9 மடக்குப்பெட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஈயப்பற்று சொன்னது அப்படியே எனக்கு நடக்கிறது. பழைய 3டிஎஸ் எக்ஸ்எல், லூமா போட்டது. வெளி உறை தேய்ந்துபோனதால் புது உறைக்கு மாற்றினேன். மாற்றிய பிறகு நீல விளக்கு, 'டப்', அணைகிறது. கார்டு அதேதான், எதையும் மாற்றவில்லை. இரண்டு நாளாக பூட்.ஃபர்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

#10 ஈயப்பற்று

கார்டை விட்டுவிடுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி இருக்கும்போது ரிப்பனைக் கழற்றி மாட்டினால் பின்னொளிச் சுற்று போய்விடக்கூடும், அதன் பிறகு திரும்பி வர வழி கடினம்.

மேல் திரையின் ரிப்பனை கனெக்டரில் பாருங்கள். அதன் பூட்டு ஒரு மெல்லிய மடிப்பு. அதை நகத்தாலோ பிளாஸ்டிக் கருவியாலோ தூக்கி, ரிப்பனை நேராக உள்ளே தள்ளி, மடிப்பை இறக்க வேண்டும். ரிப்பனில் வெள்ளைக் கோடு இருக்கும். அது கனெக்டரின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் சில இழைகள் தொடாது. அதைச் செய்த பிறகும் 'டப்' வந்தால் ரிப்பனைக் கீல் பகுதியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உறை மாற்றும்போது கீல் துளைக்குள் சுருட்டி நுழைக்கையில்தான் அது கிழியும். மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் ரிப்பனையே மாற்ற வேண்டியதுதான்.

ஸ்பீக்கர், கேமரா ரிப்பன்களையும் விடாதீர்கள். அவையும் அதே கீல் வழியாகத்தான் போகின்றன.

#11 இரட்டைத்திரை

ஃபேட்32 ஆக்கினேன், பூட்.ஃபர்ம் மட்டும் வைத்தேன். இப்போது மேல் திரையில் லூமாவின் அமைப்புப் பட்டியல் வந்தது! ஸ்டார்ட் அழுத்திச் சேமித்தேன். ஹோம் மெனு வந்துவிட்டது. கார்டில் எதுவும் இல்லாததால் ஐகான்கள் குறைவு, மற்றபடி எல்லாம் சரி. மிக்க நன்றி. இப்போது மற்ற ஃபைல்களை எல்லாம் போடுகிறேன்.

#12 தாவும்பூனை

நல்லது. நான் சொன்ன வழியில் போயிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஒரு சந்தேகம்: என்னுடைய கன்சோலில் நான்ட் நகலே எடுத்ததில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் நகல் எடுப்பதால் ஏதாவது ஆபத்து உண்டா?

#13 காந்தக்கல்

இல்லை, நகல் எடுப்பது படிப்பது மட்டுமே, எழுதுவதில்லை. ஸ்டார்ட்டை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் லூமா 'லூமா/பேலோட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் காட்மோட்9க்குப் போகும். அங்கே ஹோம் பொத்தானை அழுத்தி, ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் நான்ட் நகல் எடுக்கும் ஸ்கிரிப்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய 3டிஎஸ், 2டிஎஸ் என்றால் ஃபைல் ஏறத்தாழ 943 எம்பி, நியூ மாடல்களில் 1240 எம்பி அளவில் வரும். கார்டில் அவ்வளவு காலி இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். காட்மோட்9 முதல்முறை திறக்கும்போது 'எசென்ஷியல்' நகல் எடுக்கட்டுமா என்று கேட்கும், அதற்கும் சரி சொல்லுங்கள். இந்த இரண்டையும் கணினிக்கு எடுத்து, சோதனை மதிப்பு இருக்கும் எஸ்எச்ஏ ஃபைலையும் கூடவே வையுங்கள். கன்சோலின் சீரியல் எண்ணை ஃபோல்டரின் பெயராக வைத்தால் பிற்காலத்தில் எது யாருடையது என்று குழம்பாது. உங்கள் கன்சோலுக்கு உங்கள் நகல் மட்டும்தான் பொருந்தும் என்பதால் இதை வேறு யாரும் உங்களுக்குத் தர முடியாது.

#14 இரட்டைத்திரை

மீண்டும் சிக்கல். எல்லா ஃபைல்களையும் போட்டு முடித்தேன், பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. ஆன் செய்தால் நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அணையவில்லை. திரை இரண்டும் கருப்பு. நெடுநேரம் விட்டுப் பார்த்தும் அப்படியே. வெள்ளை மின்னல் இல்லை. இது முன்பு வந்ததைவிட மோசமா?

#15 காந்தக்கல்

மோசம் இல்லை, வேறு இடம். முன்பு லூமாவுக்கு முன்னாலேயே நின்றது. இப்போது பூட்.ஃபர்ம் கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகுதான் எங்கோ நிற்கிறது. பவர் பொத்தானை நன்றாக அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, இந்த வரிசையில் பாருங்கள்.

ஆட்ட கார்ட்ரிட்ஜ் ஏதாவது செருகியிருந்தால் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். அழுக்கான கார்ட்ரிட்ஜ்கூட ஹோம் மெனுவைத் தொங்கவிடும். அடுத்து செலக்டை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். லூமாவின் பட்டியல் வந்தால் லூமா வரை எல்லாம் சரி என்று உறுதியாகும். பிறகு கணினியில் 'நின்டெண்டோ 3டிஎஸ்' ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, கார்டைப் போட்டு ஆன் செய்யுங்கள். அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லாவிட்டால் கன்சோல் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்போது ஹோம் மெனு வந்தால் சிக்கல் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் ஏதோ ஒரு ஃபைலில்.

எதையும் அழிக்க வேண்டாம், பெயர் மாற்றம் மட்டும்.

#16 இரட்டைத்திரை

கார்ட்ரிட்ஜ் இல்லை. செலக்டுக்கு லூமா பட்டியல் வருகிறது. ஃபோல்டர் பெயரை மாற்றியதும் ஹோம் மெனு வந்துவிட்டது. அதாவது என் பழைய தரவே கெட்டுவிட்டதா? ஆனால் பழைய கார்டில் கடைசி நாள்வரை நன்றாக ஓடியதே.

இன்னொன்றையும் கவனித்தேன். கணினியில் அந்த ஃபோல்டருக்குள் போனால் சில ஃபோல்டர்கள் காலியாகத் தெரிகின்றன, சிலவற்றில் பெயர்கள் விசித்திரமான குறிகளாக இருக்கின்றன. போட்ட உடனே பார்த்தபோது அப்படி இல்லை.

#17 காந்தக்கல்

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். உங்கள் தரவு கெடவில்லை, அதைத் தாங்க வேண்டிய கார்டுதான் பொய் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

போலிக் கார்டு என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் நினைவகம் சிறியது. ஆனால் கார்டின் கட்டுப்பாட்டுச் சிப்பில் 128 ஜிபி என்று சொல்லும்படி எழுதிவிடுகிறார்கள். கணினி கேட்டால் 128 என்றே பதில் வரும், ஃபார்மட்டும் 128க்கே ஆகும். முதலில் போடும் ஃபைல்கள் உண்மையான நினைவகத்தில் விழும், அவை சரியாக இருக்கும். உண்மையான எல்லையைத் தாண்டியதும் வருவதையெல்லாம் கார்டு 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டுத் தொலைத்துவிடும், அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் கணினியின் நினைவில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். கார்டை எடுத்துத் திரும்பச் செருகினால்தான் உண்மை தெரியும். உங்கள் பூட்.ஃபர்ம் மட்டும் வைத்தபோது ஓடியதற்கும், எல்லாம் போட்ட பிறகு நின்றதற்கும் இது பொருந்துகிறது.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், சோதித்துவிடலாம். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3'. கார்டை முதலில் காலியாக்குங்கள், ஏனென்றால் இவை காலி இடத்தை மட்டுமே சோதிக்கும். கார்டு முழுக்கச் சோதனைத் தரவை எழுதி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்து ஒப்பிடும். பல மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்தாதீர்கள், எழுதும் கட்டம் மட்டும் சரியாக முடிவதைப் பார்த்துத் திருப்திப்படவும் கூடாது. பொய் வெளிப்படுவது படிக்கும் கட்டத்தில்தான்.

#18 மடக்குப்பெட்டி

ஈயப்பற்று அண்ணா, ரிப்பன் சாய்ந்துதான் இருந்தது. கழற்றி நேராக மாட்டியதும் 'டப்' நின்றுவிட்டது. ஆனால் இப்போது இரட்டைத்திரைக்கு வந்தது போல நீல விளக்கு எரிகிறது, திரை கருப்பு. கார்டு இல்லாமலும் அப்படியே. பின்னொளி மட்டும் லேசாகத் தெரிகிறது. ஸ்டார்ட்டை அழுத்தினால் காட்மோட்9 நன்றாக வருகிறது, இரண்டு திரையும் தெளிவாகத் தெரிகின்றன.

#19 ஈயப்பற்று

காட்மோட்9 வருகிறது என்றால் திரை, செயலி, நான்ட் எல்லாம் நலம். காட்மோட்9க்குத் தேவைப்படாத, ஆனால் ஹோம் மெனுவுக்குத் தேவைப்படுகிற ஏதோ ஒன்று உள்ளே விட்டுப்போயிருக்கிறது. உங்கள் மாடலில் வைஃபை ஒரு தனிச் சிறு பலகை, மெயின் போர்டின் மேல் அழுத்திப் பொருத்தியிருக்கும். உறை மாற்றும்போது அதைக் கழற்றித்தான் போர்டை வெளியே எடுத்திருப்பீர்கள். அது இல்லாமல், அல்லது சரியாக உட்காராமல் இருந்தால் 3டிஎஸ்ஸின் சொந்த மென்பொருள் எழாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் பலகையை நேர்மேலே இருந்து மெல்ல அழுத்துங்கள். உட்காரும்போது விரலுக்கே தெரியும்.

#20 நிலாமுகம்

எனக்கு வேறு மாதிரி. தம்பியின் 2டிஎஸ், 2016இல் ஏஆர்எம்9லோடர்ஹேக்ஸ் என்ற பழைய முறையில் மாற்றியது. ஆன் செய்தால் நீலத் திரையில் வெள்ளை எழுத்தில் பூட்ராம் என்று தொடங்கி ஒரு பிழை எண் வருகிறது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. அப்போது எடுத்த நான்ட் நகல் கணினியில் இருக்கிறது. கைவிட வேண்டியதுதானா?

#21 காந்தக்கல்

கைவிட வேண்டாம். நகல் இருக்கிறது என்பதே பெரிய பலம்.

நீலத் திரை என்றால் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே நிற்கிறது. பூட்ராம் ஓடுகிறது, ஆனால் ஃபர்ம்0, ஃபர்ம்1 இரண்டுமே அதற்குச் சரியாகப் படவில்லை, அல்லது நான்ட் சிப்பையே படிக்க முடியவில்லை. முதலாவது என்றால் மென்பொருளால் மீட்கலாம், இரண்டாவது என்றால் சால்டரிங் வேலை. எது என்று தெரிந்துகொள்ள என்டிஆர்பூட் என்ற வழி இருக்கிறது.

இந்த பூட்ராமில் ஒரு மறைவான வாசல் உண்டு. கன்சோல் மூடிய நிலையில் ஸ்டார்ட், செலக்ட், எக்ஸ் மூன்றையும் அழுத்திக்கொண்டே பவரை அழுத்தினால், நான்ட் பக்கம் போவதற்கு முன்பே டிஎஸ் கார்ட்ரிட்ஜிலிருந்து பூட் ஆகப் பார்க்கும். மடிக்கும் மாடல்களில் மூடிக்கொண்டு பொத்தான் அழுத்த முடியாது என்பதால் காந்தம் வைத்து மூடியது போலக் காட்டுவார்கள். 2டிஎஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை, தூங்க வைக்கும் சறுக்குப் பொத்தானைத் தள்ளினால் போதும்.

இதற்கு என்டிஆர்பூட்டுக்கு ஒத்துவரும் ஃப்ளாஷ்கார்ட் (நாமே எழுதக்கூடிய டிஎஸ் கார்ட்ரிட்ஜ்) ஒன்று வேண்டும். அதில் பூட்9ஸ்ட்ராப்பை எழுத, ஓடுகிற இன்னொரு கன்சோலும் வேண்டும். எழுதிய பிறகு உங்கள் 2டிஎஸ்ஸின் எஸ்டி கார்டில் காட்மோட்9ஐ பூட்.ஃபர்ம் என்ற பெயரில் வைத்து, மேலே சொன்னபடி ஆன் செய்யுங்கள். காட்மோட்9 வந்ததும் நான்ட் படிக்கிறதா என்று பாருங்கள். படித்தால், இப்போது இருக்கும் நிலையையே முதலில் ஒரு நகல் எடுங்கள், கெட்டதாக இருந்தாலும் சரி. பிறகு பூட்.ஃபர்ம் இடத்தில் சேஃப்பி9எஸ்இன்ஸ்டாலரை வைத்து பூட்9ஸ்ட்ராப்பைப் பதியுங்கள். பெரும்பாலும் அதோடு எழுந்துவிடும். எழாவிட்டால் மட்டும் பழைய நகலைத் தொடுங்கள், ஏனென்றால் அது அன்றைய நிலைக்கே கன்சோலைக் கொண்டுபோகும், அதற்குப் பிறகு மாறியது எல்லாம் போய்விடும்.

நான்ட் இல்லவே இல்லை என்று காட்மோட்9 சொன்னால் ஈயப்பற்று போன்றவர்கள்தான் பார்க்க வேண்டும்.

#22 இரட்டைத்திரை

சோதனை முடிந்தது. எழுதும் கட்டம் பிழையில்லாமல் போனது, நீங்கள் சொன்னது போலவே. படிக்கத் தொடங்கியதும் 29 ஜிபி மட்டும் சரி, மீதி எல்லாம் தொலைந்தது என்று காட்டுகிறது. கார்டின் மேல் 128 என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். விற்றவரிடம் சோதனை முடிவை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

கோபமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கே பழைய கார்டை அழித்திருந்தால் என் மகளின் சேவ் எல்லாம் இந்தக் கார்டோடு போயிருக்கும்.

#23 தாவும்பூனை

இதைப் படித்துவிட்டு என்னுடைய இரண்டு கார்டுகளையும் சோதித்தேன், இரண்டும் முழு அளவுக்குச் சரி. நான்ட் நகலும் எடுத்துவிட்டேன். இரட்டைத்திரை, புதுக் கார்டு வந்தால் எதையும் போடும் முன் சோதனையை ஓட்டுங்கள்.

#24 இரட்டைத்திரை

மாற்றுக் கார்டு வந்தது, 64 ஜிபி. முதலில் சோதனை, முழுதும் சரி. பிறகு ஃபேட்32, 32768. பழைய கார்டிலிருந்து கணினிக்கு எடுத்து வைத்த நகலையே போட்டேன், பழைய கார்டை இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. எல்லா ஐகானும் வந்துவிட்டன, சேவ் எல்லாம் திறக்கின்றன. மகள் விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கிவிட்டாள்.

ஒரு கேள்வி பாக்கி. வெள்ளை மின்னல் என்றால் உள் நினைவகத்திலும் பூட்.ஃபர்ம் இல்லை என்று சொன்னீர்கள். அதை அங்கே வைக்கலாமா? வைத்தால் கார்டு கெட்டாலும் எழுமா?

#25 காந்தக்கல்

வைக்கலாம், வைப்பது நல்லது. காட்மோட்9இல் எஸ்டி கார்டுக்குள் போய் பூட்.ஃபர்மின் மேல் நின்று ஒய் அழுத்துங்கள், நகல் எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்து சிஸ்நான்ட் சிடிஆர்நான்டுக்குள் போய் மறுபடி ஒய் அழுத்தி ஒட்டுங்கள். எழுதும் அனுமதிக்காக ஒரு பொத்தான் வரிசை கேட்கும், திரையில் காட்டுவதை அப்படியே அழுத்தவும். முடிந்ததும் அனுமதியை மறுபடி பூட்டட்டுமா என்று கேட்டால் பூட்டிவிடுங்கள். சிடிஆர்நான்டுக்குள் வேறு எதையும் தொட வேண்டாம். பின்னாளில் கார்டில் லூமாவைப் புதுப்பித்தால் உள்ளே இருப்பதையும் இதே போலப் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால் கார்டு இல்லாத நாளில் பழைய லூமா எழுந்து, புதிய சிஸ்டம் பதிப்போடு ஒத்துப்போகாமல் நிற்கக்கூடும்.

#26 மடக்குப்பெட்டி

வைஃபை பலகைதான். அழுத்தியதும் 'க்ளிக்' என்று உட்கார்ந்தது, ஹோம் மெனு வந்துவிட்டது. நன்றி அண்ணா. கேமரா மட்டும் இன்னும் கருப்பாகக் காட்டுகிறது.

#27 ஈயப்பற்று

கேமராவின் சிறு கனெக்டர் மெயின் போர்டில் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதையும் ஒருமுறை தூக்கி, நேர்மேலே இருந்து அழுத்திப் பாருங்கள். வராவிட்டால் கனெக்டரின் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

#28 இரட்டைத்திரை

உள்ளே வைத்துவிட்டேன். கார்டை எடுத்துவிட்டு ஆன் செய்தேன், லூமாவின் பட்டியல் வந்தது, சேமித்ததும் ஹோம் மெனு வந்தது. வெள்ளை மின்னல் இல்லை. கார்டைப் போட்டும் பார்த்தேன், எல்லாம் சரி.